கழற்றிவைத்த மஞ்சள் பிரேம்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஆனந்தராஜாவைத் தெரியாத தமிழர் இல்லை. துணித் தொழிற்சாலையில் இரவு பகல் மாறி மாறி உழைத்து, வீடு வாங்கி, கோயில் நிருவாகத்திலும் ஒரு கதிரை பிடித்த மனிசன். ஆர் வீட்டுச் செத்த வீடென்றாலும் முதல் ஆளாய் நிற்பார். ஆனால் பாருங்கோ, சொந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் ஊருக்குப் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மகன் நிரோஜன் டென்மார்க் ஆமியில் சிப்பாயாய்ச் சேர்ந்து ஆப்கானிஸ்தான் சண்டைக்குப் போய் வந்தவன். இலங்கை ஆமிக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவருக்கு இது எப்படியிருக்கும்? அவரின் தமையனை வீட்டுப் படலையில் வைத்துச் சுட்டதும் ஆமிதான். "என்ர பிள்ளை ஆமிக்காரன்" என்று சொல்ல வாய் வரவில்லை. "நோர்வேயில வேலை" என்று சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

அந்தப் பூசணிக்காய் மேல்மாடி அறையில் இருந்தது. நித்திரை இல்லை, வேலை இல்லை, கதவு அடிபட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ரண்டர்ஸ் நகரில் தனியாக இருந்தபோது உயிரை விடப் பார்த்து, அருந்தப்பில் பிழைத்த பிள்ளை. "இனி இவரைத் தனிய விடாதேங்கோ" என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து தாய் மனோரஞ்சிதத்துக்கும் நித்திரை போய்விட்டது.

கொஞ்சமாவது தெம்பு வந்தது வெட்டரன் வீட்டால்தான். சண்டைக்குப் போய் வந்தவர்கள் கூடியிருந்து, கோப்பி குடித்து, கதைத்து மனதை ஆற்றுகிற இடம் அது. அதற்குக் காசு சேர்க்க, காரின் நம்பர் பிளேட்டைச் சுற்றிப் பூட்டுகிற மஞ்சள் பிரேம் விற்பார்கள். 'எங்கள் வெட்டரன்களோடு நிற்கிறோம்' என்று டெனிஷில் எழுதியிருக்கும். வாங்குகிறவர்களின் கார்களுக்கு அதைப் பூட்டிக்கொடுக்கிற வேலையை நிரோஜன் எடுத்துக்கொண்டான். தகப்பன் புதுக் கார் எடுத்தபோது கேட்காமலே ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினான். "நல்லாயிருக்கா, அப்பா?" என்றான். எதற்கும் டெனிஷில் பதில் சொல்கிறவன் தமிழில் கேட்டான். "ஓம்" என்றார் ஆனந்தராஜா. ஆரும் பார்க்கினமோ என்று றோட்டை ஒருக்கால் பார்த்தார்.

சனிக்கிழமை கோயிலில் புதுக் காருக்கு வாகனப் பூசை. மகன் எழும்ப முன்னம் பிரேமைக் கழற்றிக் கராஜுக்குள் வைத்தார்.

"ஏனப்பா கழட்டுறியள்? பிள்ளை கண்டால்?" என்றாள் மனோரஞ்சிதம்.

"அவன் எங்கை கோயிலுக்கு வாறான்? பூசை முடிய வந்து பூட்டிவிடுறன். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கே?"

ஐயர் நம்பர் பிளேட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நிரோஜன் வந்தான். மணிச்சத்தம் தாங்காதவன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, தாய் மறிக்கவும் கேளாமல் அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்திருந்தான். தான் பூட்டினதுக்கும் பொட்டு வைப்பார்கள், அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, வேறென்ன. வெறும் பிளேட்டைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான்.

அதற்குள் கோயில் தலைவர் கனகசபை கையை நீட்டிக்கொண்டு வந்தார். "நோர்வேயில இருந்து எப்ப வந்தனீர், தம்பி?"

அப்போதாவது ஆனந்தராஜா சொல்லியிருக்கலாம். "அவன் என்னோடைதான் இருக்கிறான், அண்ணை" என்றால் வானமா இடிந்து விழப்போகுது? மனிசன் குங்குமத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிரோஜன் கனகசபையின் கையைப் பிடித்தான். "நேற்று வந்தனான், மாமா" என்றான். "இண்டைக்கே திரும்பிப் போறன்."

கனகசபை அவன் தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார். "வாகனத்தை எடுங்கோ" என்றார் ஐயர். ஆனந்தராஜா ஏறிக் காரை நகர்த்தினார், தேசிக்காய் நசிந்தது. இறங்கித் திரும்பினால் மகன் இல்லை. பஸ் தரிப்பை நோக்கி மனோரஞ்சிதம் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸை மறியுங்கோ அண்ணை" என்று கனகசபையைப் பார்த்து ஆனந்தராஜா கத்தினார். "என்ர பிள்ளை ஆமிக்காரன். அவனைத் தனிய விடக்கூடாது."

கோயில் சனம் முழுக்கக் கேட்டது. பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.