நாலு கோடும் இரண்டு எழுத்தும்

அலங்காநல்லூரிலிருந்து வந்த பேருந்து காளவாசல் சிக்னலில் நின்றபோது செய்தி வந்தது. இரண்டே எழுத்து: “po”.

போ. படித்ததும் காது சூடாகிவிட்டது. அனுப்பியவர் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர், அண்ணே என்று நான் கூப்பிடுகிறவர். ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? முந்தின நாள் நான் பேசிய பேச்சு அப்படி.

சண்டை ஒரு நட்சத்திரத்தால் வந்தது. வயதான நட்சத்திரம் ஊதிப் பெருத்து, தன் வாயுவை வெளியே வீசும். அந்த வாயுவில் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து, என்னவாகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. “நம்ம வயலுக்கே மணிச்சத்தக் காணோம், இவ வானத்துல தேடுறா,” என்பார் அப்பா. பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு PO, எங்கள் வாயில் பி.ஓ. அது அங்கே இருந்தால் ரேடியோ அலையில் நாலு கோடு தெரிய வேண்டும். என்னிடம் இரண்டுதான் இருந்தன.

“அது கந்தகமாவும் இருக்கலாம்மா. சல்பர் டை ஆக்சைடு அங்க அம்புட்டுக் கெடக்கு. புதுத் தரவு வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்,” என்றார் அண்ணன்.

“நான் முடிச்சிட்டுப் போறது உங்களுக்குப் பொறுக்கல,” என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு தன் ஊரான திருவாதவூருக்குக் கிளம்பிவிட்டார்.

இன்று பதினொரு மணிக்கு என் ஆய்வேட்டைப் பார்க்கும் குழுவின் முன் நிற்க வேண்டும். கோடுகள் கந்தகம் என்றால் ஐந்தாம் அத்தியாயம் போய்விடும், இன்னும் ஒரு வருடம். வீட்டில் அதற்குமேல் பொறுக்க மாட்டார்கள். அவர் புதுத் தரவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் என்று நானே முடிவுகட்டினேன். பதில் அனுப்பவில்லை.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “மிச்ச ரெண்டு கோடு எங்கம்மா? தெரியலன்னா இந்த அத்தியாயத்த எடுத்துருங்க.”

எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தபடி திரும்பினேன். திரையில் முழ உயரத்துக்கு நானே எழுதி வைத்திருந்த எழுத்து: PO. போனை எடுத்துக் காலையில் வந்த “po”வை மறுபடி பார்த்தேன். அதுவா, இதுவா?

“மேடம், ஒரு போன் பண்ணிக்கிறேன்.”

“எல்லாரும் கேக்குற மாதிரி பண்ணுங்க,” என்றார் தலைவி.

திருவாதவூரில் அவர் எடுத்தார். “அண்ணே, நீங்க அனுப்புனது போ-வா, பி.ஓ-வா?”

“பி.ஓ-தாம்மா. நாலு கோடும் இருக்கு. படத்த மெயில்ல போட்டிருக்கேன், பாக்கலையா? நான் எதுக்கு உன்னப் போன்னு சொல்லப்போறேன்?”

அறையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. “நேத்துப் பேசுனது தப்புண்ணே,” என்றேன், அத்தனை பேர் முன்னாலும்.

“அத விடு,” என்றார். “இப்பச் சொல்றேன், போ. போயி மிச்சத்தப் பேசு.”