நாலாவது பாட்டின் நடுவே

அந்த வாசிப்பு என்னுடையது அல்ல!

என் குறுந்தகட்டை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பழைய இத்தாலிய இசைநாடகம் ஒன்றின் பாடல்களை ஜாஸ் முறையில், பியானோவில் என் போக்குக்கு மாற்றி வாசித்தது. அதில் நாலாவது, நாயகி சாகுமுன் பாடும் பாட்டு. நடுவே ஒரு நிமிடம் மெட்டு தன் வழியை விட்டு எங்கோ போய்த் திரும்புமே... அதைக் கேட்டு அழுததாக எழுதினீர்கள். நன்றி சொல்லிப் பதில் போட்டேன். வெட்கமே இல்லாமல்!

வாசித்தவன் யூசுப்.

யூசுப் ஒலிப்பதிவு செய்பவன். பியானோக்களுக்குச் சுருதி கூட்டிக் கூட்டியே தானாக வாசிக்கப் பழகியவன். பல்லாவரத்தில் அவன் வீட்டு மாடியில்தான் பதிவு நடந்தது. தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் நிறுத்திவிடுவோம். சத்தம் அடங்கியதும் யாராவது கொஞ்சம் வாசித்து மைக்கைச் சரிபார்ப்போம். அன்று அந்தப் பாட்டு எனக்குப் பிடிபடவே இல்லை. ஏழெட்டு முறை முயன்று தோற்று, ஒரு விமானத்தைச் சாக்கிட்டு டீ குடிக்க இறங்கிவிட்டேன். மைக்கைச் சோதிக்க அவன் பியானோவில் உட்கார்ந்து வாசித்திருக்கிறான். பதிவை நிறுத்த மறந்திருக்கிறான்.

அன்றைய பதிவை வாங்கிவந்து, குரோம்பேட்டையில் என் அறையில், ஹெட்போனில் அதைக் கேட்டேன். மூன்று மாதமாக நான் தேடியது அங்கே இருந்தது... வயிறு எரிந்தது. ஜாஸில் அந்தக் கணத்தில் விரலில் பிறப்பதுதான் எல்லாம். பிறந்தது அவன் விரலில். தகட்டின் அட்டையில் அவன் பெயரைப் போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? அதை வெட்டி என் வாசிப்போடு ஒட்டினேன். அவன் காதில் படக்கூடாதென்று மீதி வேலையைத் தாம்பரத்தில் வேறொருவரிடம் கொடுத்தேன். இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தகடு வெளிவந்த நாள்முதல் தொலைபேசி அடித்தாலே எடுக்கப் பயப்படுகிறேன். அவன்தானோ? கண்டுபிடித்துவிட்டானோ?

போன வாரம் நேரிலேயே வந்துவிட்டான்.

“அண்ணா, நாலாவது பாட்டு நடுவுல ஒண்ணு வாசிச்சிகிறீங்களே... அத்த எனக்குக் கத்துக் குடுங்கண்ணா. எங்கியோ கேட்ட மாதிரியே கீது. மண்டைக்குள்ளயே சுத்திகினு கீது, ஒரே பேஜாரு.”

அவன் முகத்தையே பார்த்தேன். தெரிந்து கேட்கிறானா? தெரியாமலா? சத்தியமாக எனக்கு விளங்கவில்லை.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்... “உக்காரு யூசுப்” என்றுதான் வந்தது.

பியானோ முன் உட்கார்ந்தான். நான் காட்டுவதற்கு முன்பே அவன் விரல்கள் போக ஆரம்பித்தன. ஓரிடத்தில் மட்டும் தகட்டில் இல்லாத ஒரு சுரத்தைத் தொட்டான். அதுவும் அழகாகத்தான் இருந்தது. நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அது தப்பு” என்றேன்.

“சாரிண்ணா” என்று சொல்லித் திருத்திக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கற்றுக்கொள்ள வருகிறான்.