மார்ஜின் கோடு

காலை பத்து நாற்பது. ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளில் ஸ்கேல் வைத்து, சிவப்புப் பென்சிலால் மார்ஜின் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் தாண்டி ஓரத்தில் எழுதினால் அரை மார்க் குறைப்பேன் என்பது பள்ளிக்கே தெரியும். என் மகளும் ஒரு காலத்தில் என்னிடம் அந்த அரை மார்க்கை இழந்தவள்தான். கைப்பைக்குள் சத்தமில்லாமல் கிடந்த கைபேசியில் அவள் அப்போது திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறாள். மதிய இடைவேளையில் பார்த்தபோது ஒரு செய்தி இருந்தது. "அம்மா, மூணு மணிக்குள்ள பணம் கட்டணும். இல்லன்னா என் ஷேர அவங்களே வித்துடுவாங்க. உன் நகைய எடுத்துக்கிட்டு அரியலூர் போறேன். திட்டாத." அழைத்தேன். கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

ஏன் அரியலூர் என்பது எனக்கு உடனே புரிந்தது. பெரம்பலூரில் எந்த அடகுக் கடைக்குப் போனாலும் என்னிடம் படித்த ஒருவர் இருப்பார். "டீச்சர் நகையாச்சே" என்று எனக்கே போன் செய்வார். என் கணவர் போன பிறகு எங்கள் இருவருக்கும் மிஞ்சிய கையிருப்பு அந்த நகைதான்.

மருந்துக் கடை வேலையில் சேர்த்த பணத்தில் அவள் பங்கு வாங்குவது தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது, "இப்ப மார்ஜின்லதாம்மா வாங்குறேன்" என்றாள். என் காதில் அது நோட்டு மார்ஜினாகவே விழுந்தது. "நல்லது. எதுலயும் ஓரத்துல கொஞ்சம் எடம் விட்டுத்தான் செய்யணும்" என்றேன். "சரிங்க டீச்சர்" என்று கும்பிட்டுச் சிரித்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செய்தி வந்த அன்று மதியம் ஆசிரியர் அறையில் வணிகவியல் சார்தான் அந்த மார்ஜினுக்குப் பொருள் சொன்னார். "அது நோட்டுல விடுறது இல்லங்க டீச்சர். தன் பணம் ஒரு மடங்கு, தரகர்கிட்ட கடன் மூணு மடங்கு. விலை கால்வாசி எறங்குனாலே தன் பணம் பூரா காலி. அதுக்கு முன்னாடியே, இன்னும் போடு, இல்லன்னா வித்துருவோம்பாங்க."

"போட்டா?"

"ஏறுனா தப்பிக்கலாம். எறங்குனா அதுவும் சேந்து போகும்."

ஓரமே விடாமல் எழுதுவதற்கும் மார்ஜின் என்று பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

விடுப்புச் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் வந்து நின்றேன். அரியலூர் வண்டி வரும்போதெல்லாம் இரண்டு படிகளையும் பார்த்தேன். முதலில் நகையை நினைத்தேன். மூன்று மணி தாண்டியதும் நகை மறந்துவிட்டது. கைபேசியை அணைத்துவிட்டு ஒரு பெண் எங்கே போயிருப்பாள் என்பது மட்டுமே மனதில் இருந்தது. அந்தப் பயம் இன்றுவரை முழுதாக விடவில்லை. குளியலறையில் அவள் கொஞ்சம் நேரமெடுத்தால் கதவைத் தட்டுகிறேன். இப்போதும் பங்கு வாங்குகிறாள், தன் பணத்தில் மட்டும். எவ்வளவு இறங்கினால் விற்றுவிடுவாள் என்பதை வாங்கும்போதே என்னிடம் சொல்லிவிடுகிறாள். நானும் நோட்டுகளில் கோடு இழுக்கிறேன்.

அன்று வெயில் சாய்ந்த பிறகு வந்த வண்டியில் அவள் இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. நகை வைத்திருந்த சுருக்குப்பையை என் கையில் திணித்தாள். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"ஷேர நானே வித்துட்டேம்மா. என் பணத்துல பாதிக்கு மேல போச்சு. உங்கிட்ட பேச தைரியமில்லாம போன ஆஃப் பண்ணிட்டு அங்க பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன்."

"அடகுக் கடைக்குப் போகலயா?"

"வாசல் வரைக்கும் போனேன்."

"அப்புறம் ஏன்டி திரும்புன?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "ஓரத்துல எழுதுனா நீ அரை மார்க் குறைப்பியே."