மயக்க மருந்தா, ஊசியா

என் மூத்த பிள்ளைக்கு நாலு மாதம் இருக்கும்போது வலது மார்பில் சீழ் கட்டியது. என் வீட்டுக்காரர் உதைத்த இடம் அது. ஏன் உதைத்தார் என்று எழுத வேண்டியதில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஊரில் நல்ல பேர்.

பத்தமடைப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போனோம். வெள்ளைக்கார டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு எப்படி அடிபட்டது என்று கேட்டார். என் மாமியார் முந்திக்கொண்டார்.

"நெல் குத்தையில உலக்கை பட்டுட்டும்மா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கட்டியைப் பிளக்க வேண்டும், இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, குளோரோபாரத்தை மோந்தால் தூக்கம் வரும், ஒன்றும் தெரியாது. இன்னொன்று, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. "சீழ் ஆழத்தில் இருக்கிறது. ஊசி சரியாகக் கேட்காது. தூங்க வைப்பதே நல்லது. உனக்கு எது வேண்டும்?"

தூக்கம்தான் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமியார் கையைப் பிடித்து என்னை வெளியே கூட்டி வந்தார். என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"மயக்கத்துல வாய் தன்னால பேசுமாம்லா" என்றார் மாமியார். "மேலத்தெருக்காரி அப்படித்தான், கொழுந்தனுக்குத் தெரியாம அரிசிப்பானையில நகையப் போட்டு வச்சிருந்தத அவன் காதுபடவே சொல்லிட்டா."

மகன் முகம் வெளுத்தது. "அங்கன அத்தன பேரு நிக்காவ. இவ என்னத்தையாவது உளறி வச்சா நான் நாளைக்கு எப்படிப் பள்ளிக்கூடம் போக?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நீ சொல்ல மாட்ட. ஒன் வாய் சொல்லும்லா" என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் உள்ளே போய், "ஊசி போதும்மா. அவ பொறுத்துக்குவா" என்று சொல்லிவிட்டார்.

ஊசி தோலோடு நின்றது. கத்தி உள்ளே போனதும் எல்லாம் தெரிந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பாதியில் உடம்பு துள்ளியது. இதற்கு மேல் ஆழமாகப் போக முடியாது என்று டாக்டரம்மா கத்தியை வைத்துவிட்டார்.

வெளியே போன ஆஸ்பத்திரி ஆயாவிடம் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி கதவு வழியே என் காதில் விழுந்தது. "எதுவும் பேசினாளா?"

இல்லை என்றதும் நிம்மதியாக ஊருக்குப் போனார். நானும் மாமியாரும் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கினோம். மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. உள்ளே சீழ் மிச்சம் இருந்தது. மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். டாக்டரம்மா வந்து, "இன்றைக்கே மறுபடி பிளக்க வேண்டும். யார் சம்மதம் சொல்வது?" என்று கேட்டார்.

"நாந்தான். தூங்க வையுங்க" என்றேன்.

இரண்டாம் வகுப்பு வரை போனவள். பேர் எழுதத் தெரியும். எழுதிக் கொடுத்தேன்.

மூக்கில் துணி வைத்து மருந்தைச் சொட்டினார்கள். இனிப்பு வாடை. எண்ணச் சொன்னார்கள். விழித்தபோது வேலை முடிந்திருந்தது. நான் என்ன பேசினேன் என்று ஆயாவிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"பதிமூணு வரைக்கும் எண்ணுன. பொறவு கொறட்டைதான். நாலு வீட்டுக்குக் கேக்கும் தாயி."

அவ்வளவுதான். இதற்குத்தான் என்னை விழித்திருக்கச் சொல்லி அறுத்தார்கள்.

சனிக்கிழமை அவர் வந்தார். என்னைத் தூங்க வைத்ததை மாமியார் சொல்லியிருந்தார் போல. கட்டிலருகே நின்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன சொன்ன?"

"மயங்கிக் கெடந்தவளுக்கு என்ன தெரியும்? டாக்டரம்மாகிட்டக் கேளுங்க."

கேட்கவில்லை. டாக்டரம்மா எப்போதும் கடுகடு என்றுதான் இருப்பார். அன்றும் அப்படித்தான் வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். திரும்பும்போது வாசல் வழியாகப் போகாமல் கிணற்றடி வழியாகப் போனார்.

அதன் பிறகு என் மேல் கையோ காலோ படவில்லை. திருந்தினார் என்று நான் நினைக்கவில்லை. பாளையங்கோட்டையில் யாருக்கோ தெரியும் என்று பயந்தார். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

முதல் நாளே தூங்க வைத்து ஆழமாகப் பிளந்திருந்தால் மார்பு கெட்டிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். அந்தப் பக்கம் பால் வரவே இல்லை. பிறகு பிறந்த இரண்டையும் ஒரு பக்கப் பாலில்தான் வளர்த்தேன்.