குழந்தைக்கும் ஒரு கோடு

மலையூரான கினிகத்தேனையின் பஸ் நிறுத்தத்தில், கொழும்பின் வருங்காலப் போக்குவரத்துத் திட்டத்துக்காக ஒருவர் பஸ்களையும் பயணிகளையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஒட்டிய கன்னம், நனைந்த மழைக்கோட்டு. பனிமூட்டத்தில் ரோட்டில் எதுவும் தெரியாததால், கண்களை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே பஸ்களை எண்ணினார்.

ஊசி போடக் கொண்டுபோன என் கைக்குழந்தையின் சிணுங்கலைக் கேட்டு, அதற்கும் தன் தாளில் கொழும்பு போகிறவர்களுக்கான பக்கத்தில் ஒரு கோடு போட்டார்.

"நாங்க கிளினிக்குக்குத்தாங்க போறோம்."

"தெரியும் தங்கச்சி. இது இருபது வருசத்துக்குப் பொறகு உள்ள கணக்கு. அப்ப புள்ள கொழும்பு பஸ்ஸுல இருக்கும்."

"திரும்பி வர்றதுக்குக் கோடு போடலையே?"

அவர் கண்களைத் திறந்து குழந்தையையே பார்த்தார்.

"இந்தத் தாள்ல அதுக்கு எடமே இல்ல தங்கச்சி."

அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லியிருக்கலாமோ? இன்றும் பனிமூட்டத்துக்குள் பஸ் சத்தம் கேட்டால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.