ஐந்தருவியில் பொதுக்குழு

எங்கள் கல்லூரிப் பேச்சு மன்றத்தில் தலைவருக்கு ஒரே ஒரு வேலை, செயலாளருக்கு மற்ற எல்லா வேலையும். தலைவர் பேசுவார். செயலாளர் அரங்குக்கு அனுமதி வாங்கி, மைக் செட்டுக்காரரிடம் கெஞ்சி, நாற்காலி போட்டு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை எடுத்து வைத்து, அவர் வரும்வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் நன்றியுரையும் சொல்ல வேண்டும். அந்த நன்றியுரை வரும்போது பாதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். தலைவர் என்றால் பையன், செயலாளர் என்றால் பெண். அப்படி விதி எதுவும் கிடையாது. ஆனால் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நடந்து வந்தது.

இரண்டாம் ஆண்டில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். "பொறுப்பான பிள்ளை" என்றார் மன்ற ஆலோசகரான பேராசிரியர். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்றைக்கு யாராவது என்னைப் பொறுப்பானவள் என்று சொன்னால், அடுத்து எந்த நாற்காலியைத் தூக்கச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

அந்த வருடம் திருநெல்வேலியில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு பேச்சுப் போட்டி நடந்தது. யாரை அனுப்புவது என்று எங்களுக்குள்ளேயே ஒரு தேர்வு வைத்ததில் நான் முதலாவதாக வந்தேன். போனது இரண்டாவதாக வந்த பையன். ஏன் என்று தலைவரிடம் கேட்டேன்.

"ஒன்னய அனுப்பலாம்தாம்மா. போற எடத்துல ஏதாவது ஒண்ணுன்னா யாரு பொறுப்பு? மொதல்ல ஒங்க வீட்டுல விடுவாங்களா?"

"எங்க வீட்டுல கேட்டீங்களாண்ணே?"

"கேக்கணுமாக்கும்" என்று சிரித்தார்.

என் வாப்பா ஷார்ஜாவில் இருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அங்கேதான். கடையநல்லூரில் எங்கள் வீட்டுக்கு மனை வாங்கியது, கொத்தனாரோடு சண்டை போட்டு வீட்டைக் கட்டி முடித்தது, பாங்கு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் உம்மா ஒருத்திதான். எல்லாவற்றையும் முடித்துவிட்டு வாப்பாவுக்கு வீடியோ காலில் காட்டுவாள். அந்த உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "உங்கள் வீட்டில் விடமாட்டார்கள்" என்று இவர் முடிவு கட்டியிருந்தார். வெளியூர்ப் போட்டிக்கு யார் போவது என்பது தலைவர் கையில் இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த தலைவர் நான்தான்.

ஆனால் தலைவரை மாற்றுவது அவ்வளவு லேசு இல்லை. வருடத்துக்கு ஒரு பொதுக்குழு, அதில் கை தூக்கித் தேர்தல். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு வராவிட்டால் கூட்டம் ரத்து, இருக்கும் தலைவரே தொடர்வார். இதெல்லாம் எழுதி வைத்த விதி. எழுதாத விதி ஒன்றும் உண்டு. பொதுக்குழுவைச் சாரல் காலத்தில், அதுவும் சனிக்கிழமை பிற்பகலில்தான் வைப்பார்கள். தென்காசியில் மேலக்காற்று அடித்துச் சாரல் விழும் சனிக்கிழமையன்று எவன் குற்றால அருவியை விட்டுவிட்டுக் கல்லூரி அரங்கில் உட்கார்ந்திருப்பான்? நான் செயலாளரான வருடமும் நாற்காலியெல்லாம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். தலைவர் மிகவும் வருத்தப்பட்ட முகத்தோடு கூட்டம் ரத்து என்று அறிவித்தார். அவர் பையிலிருந்து துண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே அவருடைய கூட்டாளிகள் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

மறுவருடம் அவர் இளங்கலை முடித்து, அங்கேயே முதுகலையில் சேர்ந்து, தலைவராகவே தொடர்ந்தார். எனக்கு அது கடைசி வருடம். இதையும் விட்டால் வெளி மேடை ஒன்றைக்கூடப் பார்க்காமல் நன்றியுரையோடு வெளியே போக வேண்டியதுதான். ஆலோசகரிடம் போய், பொதுக்குழுவை ஒரு புதன்கிழமை வைக்கலாமா என்று கேட்டேன்.

"தேதியும் நேரமும் ஆலோசகர் முடிவு பண்ணணும்னு விதியில இருக்குல்லாம்மா" என்றார். "சனிக்கிழமைன்னா யாருக்கும் வகுப்பு கெடாது. நீ போய் மத்த ஏற்பாட்டப் பாரு."

மற்ற ஏற்பாட்டைப் பார்க்கத்தான் விதியை எடுத்துப் படித்தேன். "இடம், இருக்கை உள்ளிட்ட ஏற்பாடுகள் அனைத்தும் செயலாளரின் பொறுப்பு." நாற்காலி தூக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று யாரோ எழுதி வைத்த வரி அது. இடம் என் பொறுப்பு என்றால், இடம் எது என்பதும் நான் சொல்வதுதானே? விதிப்படி ஒரு வாரம் முன்னதாகவே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, குற்றாலம் ஐந்தருவி, வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கம்.

சிரித்தார்கள். "ஏலே, பொதுக்குழுவுக்கு சோப்பு கொண்டு வரணுமா, ஷாம்பு கொண்டு வரணுமாலே?" என்று குழுவில் ஒருவன் கேட்டான். தலைவரும் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டார். அருவிக்குள் நிற்கிறவன் எவன் தேர்தலுக்கு வெளியே வருவான் என்ற நம்பிக்கை அவருக்கு. ஆலோசகர் பலகையைப் பார்க்கவே இல்லை. எங்கள் அறிவிப்பை அதுவரை யார்தான் பார்த்தார்கள்?

பெண்களுக்கு நான் தனியாகச் சொன்னேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. பொதுக்குழு என்றால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். குற்றாலம் என்றால் அம்மாக்கள் நமக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

சனிக்கிழமை நல்ல சாரல். பாதிக் கல்லூரி ஐந்தருவியில்தான் இருந்தது. ஆனால் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். என் பக்கத்தில் வந்து நின்றது என் உம்மாவும், நான்கைந்து பெண்களும், அவர்களுடைய அம்மாக்களும் மட்டும். மூன்று மணி நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடியது. அந்தப் பயத்தை நான் மறைக்கப் போவதில்லை. தோற்றால் சிரிப்பார்கள் என்பதைவிட, தலைவர் மறுபடியும் அந்த வருத்த முகத்தைக் காட்டுவார் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. மலையில் மழை கூடி, தண்ணீர் கலங்கி வரத் தொடங்கியிருந்தது. போலீஸ்காரர்கள் எல்லாரையும் வெளியேற்றிக் குளிக்கத் தடை போட்டார்கள்.

வெளியூர்க்காரர்கள் என்றால் வண்டி ஏறிப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்கள் போக மாட்டார்கள். தலையிலும் உடம்பிலும் எண்ணெய் தேய்த்தாகிவிட்டது. அருவியில் குளிக்காமல் அந்த எண்ணெயோடு வீட்டுக்குத் திரும்புவது பெரிய மானக்கேடு. கொஞ்ச நேரத்தில் திறந்துவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே சாயங்காலம் வரை நிற்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் நின்றார்கள். பளபளவென்று, துண்டு கட்டிக்கொண்டு, என் உறுப்பினர்கள் அத்தனை பேரும். நடுவில் தலைவர், காதோரம் எண்ணெய் வடிய.

நான் கூட்டம் தொடங்குகிறது என்று கத்தினேன். அருவி இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. என் தோழி ஒருத்தியின் அம்மா, புளியங்குடியில் எலுமிச்சை ஏலம் விட்டுப் பழகியவள், என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "ஏலே பயக்களா! பிள்ள கூப்பிடுதா, காதுல விழலியா? எல்லாரும் இங்கன வாங்க!" வந்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு தாண்டியிருந்தது.

தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது. "பழைய குற்றாலத்துல குளிக்க விடுதாங்களாம்லே, கெளம்புங்க, கெளம்புங்க" என்று கூட்டத்தைக் கலைக்கப் பார்த்தார். என் உம்மா நிதானமாகச் சொன்னாள், "இல்ல தம்பி, அங்கனயும் தடைதான். இப்பதான் ஆட்டோக்கார அண்ணாச்சி சொன்னாவ." கிளம்பிய இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

தலைவர் பதவிக்கு நிற்கிறேன் என்று சொன்னேன். அவர் தன் பழைய ஆயுதத்தை எடுத்தார். "தலைவர்னா வெளியூருக்குப் போணும் வரணும். பொம்பளப் பிள்ளைகள அனுப்பினா யாரு பொறுப்பு? பெத்தவங்க விடுவாங்களா? அதச் சொல்லுங்க."

கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டார். அவருக்குப் பின்னால் அம்மாக்கள் எல்லாரும் சுடச்சுட மிளகாய் பஜ்ஜியோடு நின்றிருந்தார்கள்.

"எங்ககிட்ட கேட்டாத்தான தம்பி தெரியும்" என்றாள் உம்மா. "எம்பிள்ளைக்கு நான் பொறுப்பு. நீங்க எப்பம் வந்து கேட்டீங்க?"

எனக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். கைகள் உயர்ந்தன. பையன்களின் கையும்தான். எண்ணும்போது உம்மா கையும் சேர்ந்து நின்றது. "உம்மா, கையக் கீழ போடு, ஒனக்கு ஓட்டு இல்ல" என்றேன். ஆளாளுக்குச் சிரித்தார்கள். உம்மாவைக் கழித்த பிறகும் நான்தான் ஜெயித்தேன்.

திங்கட்கிழமை ஆலோசகர் கூப்பிட்டார். கல்லூரிக்கு வெளியே நடந்த கூட்டம் செல்லாது என்றார்.

"எந்த விதி சார்?"

"விதி இல்லம்மா, பழக்கம்."

"பழக்கம் செல்லும்னா எழுதியே வச்சிருப்பாங்களே சார். வேணும்னா இன்னொரு கூட்டம் போடுதேன். ஆனா எடம் மாறாது."

அவர் விதியை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்தார். கடைசியில் சரி என்றார். ஆனால் புதிதாக ஒரு விதி சேர்த்தார். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் மாணவியர் ஒவ்வொருவருடனும் பெற்றோர் ஒருவர் வர வேண்டும். மாணவர்களுக்கு? "அவங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வந்தேன், ஏனென்றால் அந்த விதியை எப்படிக் கடைப்பிடிப்பது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வருடத் திருநெல்வேலிப் போட்டிக்கு ஆறு பெண்கள் போனோம். கூடவே ஆறு அம்மாக்கள். காலை ரயிலில் ஏறியதிலிருந்து புளிசாதமும் பேச்சும்தான். அரங்கில் இரண்டாவது வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இவர்களெல்லாம் யார் என்று போட்டி நடத்தியவர் கேட்டார். "எங்க மன்றத்து விதி சார்" என்றேன். நடுவர் மணி அடித்தபோதுகூடக் கைதட்டினார்கள். புளியங்குடிக்காரி, "அந்தப் பிள்ள இன்னும் பேசி முடிக்கலல்லா" என்று நடுவரிடமே சொன்னாள். எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதற்காக நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. ஒரு வருடம் தாமதமாக என்றாலும், என் இடத்தில் நான் நின்று பேசினேன்.

அடுத்த வாரமே ஆலோசகர் அந்த விதியை எடுத்துவிட்டார். அங்கிருந்து யாரோ போன் செய்திருக்க வேண்டும். வீட்டில் வந்து சொன்னேன். உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது எப்படி எடுப்பாங்க? அடுத்து மதுரைன்னு சொன்னியே ஏட்டி!"

மதுரைக்கும் வந்தாள். எல்லா அம்மாக்களும் வந்தார்கள். யார் பொறுப்பு என்று அதற்குப் பிறகு எவரும் எங்களைக் கேட்கவில்லை.