சாரல் இருக்கா?

காலையில் கட்டட வேலைத்தளத்துக்குப் போனதும் நான் செய்யும் முதல் காரியம், ஒரு கருவிக்குத் தண்ணீர் காட்டுவது. முக்காலியில் நிற்கும் அதன் ஒரு முனையில் சின்னப் பருத்தித் திரி இருக்கிறது. அது எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். இங்கே கத்தாரில் வெறும் சூட்டை மட்டும் அளந்து பயனில்லை, உடம்பில் வியர்வை காயுமா காயாதா என்பதையும் பார்க்க வேண்டும். அதைச் சொல்வது இந்த ஈரத்திரிதான். அளவு எல்லை தாண்டினால் சிவப்புக் கொடி ஏற்றுவேன், வேலை நிற்கும். எங்கள் எகிப்து ஃபோர்மேனுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ஒருநாள் நான் தண்ணீர் விடும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "முஹந்திஸ், நீ தண்ணீர் ஊற்றுவதால்தானே கொடி சிவப்பாகிறது? இன்றைக்கு ஊற்றாதே" என்றார் பாதி அரபியும் பாதி இந்தியுமாக. முஹந்திஸ் என்றால் இன்ஜினியர். திரி காய்ந்தால்தான் கருவி இன்னும் அதிகச் சூடு காட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். பொய் சொல்கிறான் என்றே கடைசிவரை நினைத்தார்.

சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஊரிலிருந்து கேட்கும் தம்பி தங்கைகளுக்கு இதுதான் பதில்: கொடி ஏற்றும் வேலை. சேர்ந்த புதிதில் அதுகூடக் கிடையாது. என்விரான்மென்ட் ஆபீசர் என்று அடையாள அட்டையில் போட்டுவிட்டு, தளத்துக் கழிப்பறைகளும் குப்பைத் தொட்டிகளும் இருக்கும் வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். தென்காசியில் எங்கள் மாமா நான் படிக்கச் சேர்ந்த அன்றைக்கே கேட்டார், "என்ன படிப்புலே இது? மரம் நடுத வேலையா, குப்ப அள்ளுத வேலையா?" மனுஷன் வாய் முகூர்த்தம், பாதி பலித்துவிட்டது. என்னோடு படித்தவர்களும் ஆளுக்கொரு திசை. கல்லூரி முடியும்வரை பனிக்கட்டியைச் சர்பத் கடையில் மட்டுமே பார்த்திருந்த ஆலங்குளத்துக்காரி ஜெர்மனியில் பனியாறு உருகுவதை ஆராய்கிறாள். ஒருவன் காற்றாலைக் கம்பெனியில். இன்னொருவன் எஸ்.ஐ. ஆகிவிட்டான், படித்ததைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறான்.

என் ஆய்வுத் தலைப்பு சாரல். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று நுழைந்து, வெயில் அடிக்கும்போதே முகத்தில் பூத்தூறலாக விழுமே, அது தென்காசிச் சூட்டை எவ்வளவு தணிக்கிறது என்பதுதான் கேள்வி. பண்பொழி மலைப்படிகளில் ஒரு சீசன் முழுக்க வெப்பமானியோடு உட்கார்ந்திருந்தேன். பட்டம் கிடைத்தது, தலைப்பைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஆனி பிறந்துவிட்டால் வீட்டுக்குப் போன் போட்டு முதலில் கேட்பது "சாரல் இருக்கா?" என்றுதான். நானும் கேட்பேன். தங்கை ஜுலேகா ஒவ்வொரு முறையும் சொல்லுவாள், "நல்லா அடிக்குதுண்ணே." கேட்டதும் மனசு குளிர்ந்துவிடும்.

இந்த ஆனியில் விடுமுறைக்குப் போனேன். சொந்தக் காசில் வாங்கிய சின்னக் கருவி ஒன்று பெட்டியில் இருந்தது. பழைய பித்து விடவில்லை, குற்றாலத்துக்குத்தான் முதலில் ஓடினேன். அருவி பாறையை நனைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ரம்புட்டான் விற்றவரிடம் கேட்டேன். "சீசன் எங்க அண்ணாச்சி? மேகம் வருது, எட்டிப் பாக்குது, போயிருது" என்றார். வீட்டுக்கு வந்து மாடியேறினேன். தகரக் கூரை போட்ட அறையில் ஜுலேகா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை சவூதியில். தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் தொங்கியது. விளையாட்டுக்குத்தான் கருவியை அவள் பக்கத்தில் வைத்தேன். எண் ஏறி, எங்கள் தளத்தில் சிவப்புக் கொடி ஏற்றும் எல்லையைத் தாண்டி நின்றது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். திரியை நனைத்துத் திரும்ப வைத்தேன். அதே எண்.

"ஏட்டி, சாரலே இல்லயே. போன்ல தெனமும் அடிக்குதுன்ன?"

"இல்லன்னு சொன்னா அங்கன கெடந்து நீ வெசனப்படுவ. சாரல் இருக்கான்னா நல்லாருக்கியான்னுதான அர்த்தம்? நல்லாருக்கோம்னு சொன்னேன்."

"மொதல்ல ஃபேனப் போடு."

"தூளு பறக்கும்லா. இலையும் காஞ்சிரும், சுத்த வராது."

பீடி சுற்றும் வீட்டில் ஃபேன் ஓடாது. எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். தெரிந்தும் அது என் தலையில் அன்றுதான் இடியாக இறங்கியது.

"கிறக்கமா வருதா?" என்று கேட்டேன். அவள் மாடிப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மட்டம் வந்துச்சு. உம்மாட்ட சொல்லிராதண்ணே. இப்ப நிறுத்துனா பீடிக் கடையில பேர எடுத்துருவாவ, பெறவு சேக்க மாட்டாவ."

பதினைந்து நாட்டு ஆண்களின் வேலையை ஒரு துணித்துண்டால் நிறுத்துகிறவன் நான். என் தங்கையை, அவள் வயிற்றுப் பிள்ளையை, அந்தத் தகரக் கொட்டகையிலிருந்து எழுப்ப எந்தக் கொடியை யாரிடம் காட்டுவது? ஆராய்ச்சிக்கென்று நான் மலையேறிப் போன காலத்திலும் எங்கள் மாடியில் பீடி சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த அறையை அளக்க வேண்டும் என்று எனக்கோ, என் பேராசிரியர்களுக்கோ தோன்றவே இல்லை. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கடைத்தெருவுக்குப் போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவந்தேன். அவளைக் கீழறைக்கு இறக்கினேன். தூள் பறக்காதபடி ஃபேனைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன். மலிவு ஃபேன், கடகடவென்று வீடு முழுக்கச் சத்தம். உம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஜுலேகா சிரித்துக்கொண்டே, "ஃபேன நிறுத்தவே மாட்டேன், போதுமா?" என்றாள்.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்தேன். இன்றைக்கு முற்பகலிலேயே எல்லை தாண்டிவிட்டது. ஃபோர்மேன் முறைக்க முறைக்கச் சிவப்புக் கொடியை ஏற்றினேன். கம்பி கட்டியவர்கள் இறங்கிவந்து, குளிரூட்டிய கொட்டகையில் கால் நீட்டித் தண்ணீர் குடித்தார்கள். நான் வெளியே கொடிக்கம்பத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன். சாரலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

"ஃபேன் ஓடுதாட்டி?"

"ஓடுதுண்ணே. நீ அங்கன வெயில்லயா நிக்க?"

"இல்லட்டி, ஏசிலதான் இருக்கேன்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். கடகட சத்தம் இல்லை. பீடி இலை வெட்டும் கத்தரி மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.